மேடேறும் வண்டி

ஓடுகின்ற பொருள் ஒன்றைத் தன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்னும் வேட்கை பிள்ளைகளுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ! அதை யாரும் அவர்களுக்குக் கற்றுத் தருவதில்லை. தென்காசி வட்டாரத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறை அந்த வேட்கையை நுங்கு வண்டியில் தீர்த்துக்கொண்டது. சுளை தோண்டி உண்டபின் எஞ்சிய நுங்குக் காய்கள் இரண்டு. அவற்றை இணைக்க அச்சாக ஒரு குச்சி. தள்ளிச் செல்ல, நுனி கவட்டையாகப் பிரிந்த ஒரு நீண்ட கம்பு. சித்திரை வெயிலில் காலையில் செய்த வண்டி மாலைவரை ஓடும். இரவில் அது மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சேரும். மறுநாள் புது வண்டி. செலவு என்று ஒன்றும் கிடையாது. உந்து விசை எங்கள் கால்களிலேயே இருந்தது. மாடும் நாங்களே, வண்டிக்காரரும் நாங்களே.

இன்றைய பிள்ளைகள் கேட்பது வேறு. தாங்கள் ஓரிடத்தில் நின்றுகொள்ள வேண்டும். வண்டி தங்களை விட்டு அகன்று போக வேண்டும். அகன்ற பின்னும் அது தங்கள் சொல்லைக் கேட்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் இது எளிய ஆசை அன்று. தன் கை எட்டாத இடத்திலும் தன் கை இருக்க வேண்டும் என்னும் ஆசை அது. தந்தையரை வளைகுடா நாடுகளுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் எங்கள் ஊர்க் குடும்பங்களில் அந்த ஆசைக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதைச் சென்ற ஆண்டின் சாரல் காலத்தில் கண்டுகொண்டேன்.

எங்கள் பங்கு, தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையை ஒட்டியது. ஆனி பிறந்து மேற்கு மலையில் மேகம் இறங்கிவிட்டால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் வெளியூர்க் கூட்டம் நெரியும். உள்ளூர்ப் பிள்ளைகளோ, விளையாட்டுத் திடல் சகதியாகிவிட்டதால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பார்கள். அத்தகைய ஒரு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி முடிந்ததும், எட்டாம் வகுப்பில் படிக்கும் சிறுவன் ஒருவன் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தான். "சாமி, இத இங்கன வச்சுக்கிடலாமா?" என்றான்.

பெட்டிக்குள் ஏறத்தாழ 1,000 பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. துளையிட்ட சட்டங்கள், முளைகள், அச்சுகள், பற்சக்கரங்கள், மூன்று மோட்டார்கள், செல்கள் இடுவதற்கு ஒரு கூடு. ஆணியும் இல்லை, திருகும் இல்லை, பசையும் இல்லை. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்பவை. குவைத்தில் டிரெய்லர் ஓட்டும் அவன் தந்தை, விடுமுறையில் வந்தபோது வாங்கி வந்தாராம். தந்தையும் மகனுமாக உட்கார்ந்து கோக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சட்டகம் உருவாகி, பின்சக்கரங்கள் இரண்டும் ஏறியபோது தந்தையின் விடுமுறை முடிந்துவிட்டது. அவர் விமானம் ஏறிவிட்டார். வீடோ ஒற்றை அறை வீடு. அதில்தான் தாய் பீடி சுற்றுகிறார். துண்டுகள் பீடித் தட்டில் விழுந்து புகையிலைத் தூளோடு கலந்துவிடுகின்றன. கறுப்பு முளை ஒன்று பீடிக்குள்ளேயே சுருட்டப்பட்டுக் கடைவரை போய்த் திரும்பியதாகவும் சொன்னான். அது உண்மைதானா என்று நான் துருவிக் கேட்கவில்லை.

மறைக்கல்வி அறையின் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தேன். மறுவாரமே துணைக்கு இன்னொருவன் வந்து சேர்ந்தான். மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் அவன் தந்தைக்கு வேலை. இவனுக்குப் படிப்பில் நாட்டம் குறைவு. ஆனால் கம்பியின் நுனியைப் பார்த்தாலே அது எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடுவான்.

இந்தக் கட்டைகளின் பூர்வீகம் ஒரு தச்சுப் பட்டறை. அதனாலேயே எனக்கு அவற்றின்மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர், 1932-ல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். டேனிய மொழியில் 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு சொற்களைச் சுருக்கி 'லெகோ' என்று பெயரிட்டார். இன்று நாம் காணும் வடிவிலான பிளாஸ்டிக் கட்டைக்கு 1958-ல் காப்புரிமை கோரப்பட்டது. மேலே குமிழ்கள், அடியில் குழாய்கள். ஒன்றை ஒன்று கவ்விப் பிடிக்கும், வேண்டும்போது விட்டுவிடும். எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் இணைக்கலாம் என்று கணிதர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். 1966-ல் மோட்டார் பொருத்திய ரயில் வந்தது. 1977-ல் பற்சக்கரமும் அச்சும் கொண்ட, இப்போது 'டெக்னிக்' என்று வழங்கும் வகை வந்தது. அதன் பின்னரே பிள்ளைகள் வண்டியின் உருவத்தை மட்டுமன்றி வண்டியின் உள்ளுறுப்புகளையும் செய்யலாயினர்.

தொலைவிலிருந்து இயக்குவதற்கு வழிகள் மாறி மாறி வந்திருக்கின்றன. 2007-ல் வந்த அமைப்பு, தொலைக்காட்சி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்தது. ரிமோட்டின் பார்வையில் வண்டி இருக்க வேண்டும்; கடும் வெயிலில் கதிர் திணறும். (எங்கள் ஊர்ச் சித்திரை மாதத்தில் அது பட்டிருக்கக்கூடிய பாட்டை நினைத்துப் பார்க்கிறேன்.) பின்னர் புளூடூத் வந்தது. அதற்கு வெயிலும் தடையில்லை, சுவரும் பெரிய தடையில்லை. ஆனால் 2019 முதல் வந்த பெரிய வண்டிகள் பலவற்றைக் கைப்பேசியில் இறக்கிய செயலியைக் கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது. இதில் என் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. 1958-ஆம் ஆண்டுக் கட்டை இன்று வாங்கிய கட்டையோடு பிசகின்றிப் பொருந்துகிறது. மோட்டாரின் மின்னிணைப்பு முனையோ சில பத்தாண்டுகளில் பலமுறை மாறிவிட்டது. கட்டை பேரன் கைக்கும் வரும்; செயலி மகன் கையிலாவது நிலைக்குமா?

எங்கள் சிறுவனின் வண்டியும் கைப்பேசி கேட்கும் வகைதான். மூன்று ஞாயிறுகளில் இருவரும் அதை முடித்தார்கள். அடுத்த ஞாயிறு அவன் தாயின் கைப்பேசியைக் கொண்டுவந்தான். திரையில் விரலை வைத்ததும் வண்டி உயிர்பெற்று, நாற்காலிக் கால்களுக்கு இடையே புகுந்து ஓடியது. அறையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் கூச்சலிட்டார்கள். நானும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன், சுவரில்தான் முட்டியது.

அந்த மகிழ்ச்சி ஏழரை மணிவரைதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் சிறுவன் வண்டியை நிறுத்தினான். "அப்பா பேசுத நேரம் ஆயிட்டு, சாமி" என்று கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். குவைத்தில் அப்போது மாலை ஐந்து மணி. வேலை முடிந்து தந்தை அழைக்கும் நேரம். அந்த வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. தந்தையின் குரல் வரும் வழியும் அதுதான். அவர் வாங்கித் தந்த வண்டிக்குக் கட்டளை போகும் வழியும் அதுதான். ஒன்று நடக்கும்போது மற்றது நடவாது. தந்தை ஒரு நாளும் அந்த வண்டி ஓடிக் கண்டதில்லை. "ஓடுதாலே?" என்று கேட்பாராம். "ஓடுதுப்பா" என்று இவன் சொல்வானாம். அவ்வளவுதான்.

ஒரு நாள் வண்டியை உறையில் இட்டு வைக்கும்போது, சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்க அப்பாவும் எங்கள ரிமோட்டுலதான் சாமி ஓட்டுதாவ. படி, அம்மைட்ட சண்ட போடாத, தங்கச்சிய அடிக்காத, எல்லாம் அங்கன இருந்துதான்." நானும் சிரித்தேன். அவன் போனபின் நெடுநேரம் அந்தச் சொல் என்னோடு இருந்தது.

என்னுடைய கைப்பேசியைக் கொடுத்தேன். அதுவும் சரிப்படவில்லை. ஞாயிறு மாலையில் பங்குத்தந்தையின் கைப்பேசி எவ்வளவு நேரம் சும்மா இருக்கும் என்பது வாசக அன்பர்களுக்குத் தெரியும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்கு அருளடையாளம் வேண்டி அழைப்பு வந்தது. சிறுவன் பயந்துபோய்க் கைப்பேசியை இரு கைகளாலும் ஏந்தி வந்து நீட்டினான். மேலும், ஆறு செல்கள் இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிட்டன. மின்னேற்றிப் பயன்படுத்தும் செல்களை வாங்கினோம். பங்குப் பேரவையில் மாதக் கணக்கு வாசித்தபோது 'செல் வாங்கிய வகையில்' என்ற வரியைக் கேட்டு, பங்குத்தந்தை புதுக் கைப்பேசி வாங்கிவிட்டார் என்று சிலர் எண்ணிக்கொண்டார்கள். புதிய செல்களிலும் ஒரு குறை தெரிந்தது. சாதாரணச் செல் ஒன்று 1.5 வோல்ட், ஆறு சேர்ந்தால் 9 வோல்ட். மின்னேற்றும் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், ஆறு சேர்ந்தாலும் 7.2 வோல்ட். வண்டி சற்றுச் சோம்பியது.

அப்போதுதான் காயில் பட்டறைக்காரர் மகன் ஒரு யோசனை சொன்னான். இந்தப் பெட்டியின் கட்டைகளை வைத்துக்கொண்டு, மோட்டாரை மட்டும் வெளியிலிருந்து போட்டால் என்ன? மின்பொருள் கடைகளில் பள்ளிச் செயல்திட்டங்களுக்காக விற்கும் மஞ்சள் நிற மோட்டாரை அவன் அறிவான். விலை அதிகமில்லை. பெரும்பாலானவற்றின் உள்ளேயே சிறு பற்சக்கரங்கள் இருந்து 48 சுற்றை ஒரு சுற்றாகக் குறைத்து வெளியே தருகின்றன. கைப்பேசிக்குப் பதில், ஆறு முனை கொண்ட சுவிட்சுகள் இரண்டு. மேலே தள்ளினால் மின்னோட்டம் ஒரு திசையில் பாயும். கீழே தள்ளினால் எதிர்த்திசையில் பாயும். நடுவில் விட்டால் ஓய்வு. இடப்பக்கச் சக்கரங்களுக்கு ஒரு மோட்டார், வலப்பக்கத்துக்கு ஒன்று. இரண்டும் முன்னே சுழன்றால் வண்டி நேரே போகும். ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகச் சுழன்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். திசைதிருப்பும் கருவியே தேவையில்லை. குறை ஒன்றுதான்: வண்டிக்கும் சுவிட்சுக்கும் இடையே கம்பி ஓட வேண்டும். பத்து முழக் கம்பி வாங்கினார்கள். பத்து முழத் தொலைவு வரை அதுவும் தொலை இயக்கந்தானே!

மஞ்சள் மோட்டாரின் அச்சு கட்டையின் துளையில் பொருந்தவில்லை. சைக்கிள் வால்வு டியூப்பை வெட்டி இரண்டையும் சேர்த்து மாட்டினார்கள். அதைக் கண்டதும் எனக்கு அரவிந்த் குப்தாவின் நினைவு வந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற பொறியாளரான அவர், 1970-களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத் பகுதிக் கிராமப் பள்ளிகளுக்குச் சென்று, இதே சைக்கிள் வால்வு டியூப்பையும் தீக்குச்சிகளையும் கொண்டு முக்கோணமும் சதுரமும் கோபுரமும் கட்டும் முறையை உருவாக்கினார். குப்பையிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்வதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்ட அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எங்கள் சிறுவர்கள் அவர் பெயரைக் கேட்டதில்லை. தேவை வந்தபோது அதே டியூப் அவர்கள் கைக்கும் வந்துவிட்டது.

நடுவண் அரசின் நிதி ஆயோக் 2016 முதல் 'அடல் டிங்கரிங்' ஆய்வகங்கள் அமைக்கப் பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய்வரை உதவி வழங்கிவருகிறது. அத்தகைய ஆய்வகம் ஒன்று இவ்விருவருக்கும் வாய்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் அங்கே வால்வு டியூப்புக்கு வேலை இருந்திருக்குமா என்பது ஐயமே.

பங்கில் முணுமுணுப்பும் இல்லாமலில்லை. மறைக்கல்வி அறையில் விளையாட்டா என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். பக்கத்தில் மத்தளம்பாறையிலேயே ஸோஹோ நிறுவனம் இருக்கும்போது, பிள்ளைகளைக் கணினி கற்கத் தூண்டலாமே என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான கேள்விகளே. முன்னவரைக் கையோடு அழைத்துப்போய் வண்டியைக் காட்டினேன். அவர் இளமையில் நீரிறைக்கும் எஞ்சின் பழுது பார்த்தவர். கால்மணி நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "பல்லுக்குக் கிரீஸ் போட்டாயாலே?" என்று அந்தப் பையனிடம் கேட்டார். அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கம்பி வண்டி தயாரானது. கைப்பேசிக்கும் விடுதலை கிடைத்தது. முதியோர் கோயிலுக்குள் வருவதற்காக அமைத்திருக்கும் சாய்தளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் மென்மையான சரிவு அது. வெறும் வண்டி சிரமமின்றி ஏறியது. பையன்களுக்கு அது போதவில்லை. உண்மையான சுமை வேண்டும் என்று அரைச் செங்கல் ஒன்றை எடுத்து வந்து வண்டியின் முதுகில் வைத்தார்கள். விளையாட்டுக் கட்டைகளின்மேல் உண்மைக் கட்டை! சமதளத்தில் முனகிக்கொண்டே நகர்ந்த வண்டி, சாய்தளத்தில் ஒரு முழம் ஏறி நின்றுவிட்டது. மோட்டார் சூடாகியது.

"பின்னால இன்னொரு எஞ்சின் மாட்டுவோம்" என்றான் பட்டறைக்காரர் மகன். அவன் செங்கோட்டை ரயிலைப் பார்த்தவன். 1904-ல் ஓடத் தொடங்கிய செங்கோட்டை – கொல்லம் மலைப்பாதை, அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-ல் மீண்டும் திறக்கப்பட்டது. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாக அந்த மலையைக் கடக்கும் ரயில்களைப் பின்னாலிருந்து இன்னோர் எஞ்சின் தள்ளிக்கொடுப்பதைக் காணலாம். எனவே மேலும் இரண்டு மோட்டார்களைச் சேர்த்தார்கள். பலன் எதிர்மாறாக இருந்தது. நான்கு மோட்டார்கள் ஒருசேர இழுத்ததும் செல்கள் தளர்ந்தன. நான்கும் சோர்ந்து நின்றன. பாரமும் கூடிவிட்டது.

அன்று மாலை ஏழரை மணிக்குக் குவைத்திலிருந்து காணொளி அழைப்பு வந்தபோது சிறுவன் கோயில் வளாகத்தில்தான் இருந்தான். தாயிடம் சொல்லிவிட்டுக் கைப்பேசியை இங்கேயே கொண்டுவந்திருந்தான். தந்தை முதன்முறையாகத் தம் மகனின் வண்டியைக் கண்டார். நின்றுபோன நிலையில் கண்டார். மகன் எல்லாவற்றையும் ஒப்பித்தான்: அரைச் செங்கல், நான்கு மோட்டார், செல்.

நான் சற்று ஒதுங்கி நின்றேன். ஆனாலும் அவர் குரல் கேட்டது. வளைகுடாவுக்குப் போகுமுன் அவர் புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஓட்டியவர். "புளியர எஸ் வளவுல லோடு வண்டிய எப்படி ஏத்துவாவ? எஞ்சின மாத்தவா செய்வாவ?" என்று கேட்டார். பையன் விழித்தான். "கியரக் கொறலே. வேகத்தக் குடுத்துட்டுப் பலத்த வாங்கு" என்றார் தந்தை.

எந்திரவியல் நூல் இதைப் பக்கக் கணக்கில் விளக்கும். எட்டுப் பற்கள் கொண்ட சிறு சக்கரம், இருபத்துநான்கு பற்கள் கொண்ட பெரிய சக்கரத்தைச் சுழற்றினால், சிறியது மூன்று முறை சுழலும்போது பெரியது ஒரு முறைதான் சுழலும். வேகம் மூன்றில் ஒன்றாகும். சுழற்றும் விசை, உராய்வில் இழப்பது போக, ஏறக்குறைய மூன்று மடங்காகும். மோட்டார் தருவது முன்பு தந்ததேதான். ஒன்றைக் கூட்ட வேண்டுமானால் மற்றொன்றைக் கொடுத்தாக வேண்டும். இரண்டையும் ஒருசேரக் கேட்டால் எந்திரம் தராது. செய்மோர் பாப்பெர்ட் என்ற கணிதக் கல்வி அறிஞர், தாம் மழலைப் பருவத்திலேயே பற்சக்கரங்களின்மேல் காதல் கொண்டதாகவும், பள்ளியில் பெருக்கல் வாய்பாடும் சமன்பாடும் வந்தபோது அவற்றைப் பற்சக்கரங்களாகவே மனத்தில் கண்டதாகவும் எழுதியிருக்கிறார். 1980-ல் வெளிவந்த அவரது 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்னும் நூலின் பெயரையே 1998-ல் லெகோ நிறுவனம் தன் ரோபோப் பெட்டிக்குச் சூட்டியது. அந்தப் பெட்டியின் விற்பனை 2022-ன் இறுதியில் நிறுத்தப்பட்டுவிட்டது. எட்டுப் பல் சக்கரமும் இருபத்துநான்கு பல் சக்கரமும் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

கணக்கில் எப்போதும் தடுமாறும் அந்தப் பட்டறைக்காரர் மகன், அன்று தரையில் அமர்ந்து பற்களை விரல் நுனியால் எண்ணினான். "எட்டுமூணு இருவத்துநாலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனுடைய கணக்கு ஆசிரியர் அருகில் இருந்திருக்கலாமே என்று ஏங்கினேன்.

சேர்த்த மோட்டார்களைக் கழற்றிவிட்டு, இருந்த இரண்டுக்கும் பற்சக்கர இணை பூட்ட மேலும் ஒரு வாரம் ஆயிற்று. அச்சுகள் வளைந்து பற்கள் நழுவின. இரு பக்கமும் சட்டம் கொடுத்து இறுக்கினார்கள். சாரல் ஈரத்தில் சக்கரங்கள் வழுக்கின. சைக்கிள் டியூப்பை வளையங்களாக வெட்டிச் சக்கரங்களுக்கு அணிவித்தார்கள். அடுத்த ஞாயிறு ஏழரை மணிக்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தது. தாயும் பீடித் தட்டை எடுத்து வைத்துவிட்டு, சிறுமகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கிரீஸ் கேட்ட பெரியவரும் குடையோடு நின்றார். கைப்பேசியைத் தாய் பிடித்துக்கொள்ள, சிறுவன் இரண்டு சுவிட்சுகளையும் மேலே தள்ளினான்.

அரைச் செங்கலைச் சுமந்துகொண்டு வண்டி சாய்தளத்தில் ஏறத் தொடங்கியது. ஓசை மட்டும் பெரிதாகக் கேட்டது. நகர்வதைக் காண வேண்டுமானால் சக்கரத்தை உற்றுப் பார்க்க வேண்டும். யாரும் பேசவில்லை. பாதிச் சரிவு தாண்டியிருக்கும். கைப்பேசியிலிருந்து தந்தையின் குரல் வந்தது.

"என்னலே, படம் நின்னுட்டா? நெட்டு போயிட்டோ?"

"இல்லப்பா," என்றான் சிறுவன், சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல். "வண்டி ஏறிக்கிட்டு இருக்கு."